கிழட்டு ஜீப்பும் கொள்ளிடத்து மணலும்: டெல்டாக்காரருக்கு ஒரு நாலு வீல் வழிகாட்டி

எங்கள் பக்கம் மேடு என்று சொன்னால் ஆற்றங்கரை, நெற்களம், கோயில் வாசல்படி, அவ்வளவுதான். கல்லணையில் தொடங்கிக் கடல் வரைக்கும் தாம்பாளம் போலக் கிடக்கிற பூமி. "மலை ஏறுற வண்டிய வாங்கிட்டு வந்து இந்தக் களிமண்ணுல என்னடா பண்ணப் போற?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

ஏற்றம் இல்லாத ஊராக இருந்தாலும், வண்டியைப் புதைக்க இங்கே விதவிதமான மண் இருக்கிறது. கொள்ளிடத்தில் பொடி மணல். மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் காலை விடாத களி. வாய்க்கால் கரைகளில் மேலே காய்ந்து, உள்ளே கொழகொழவென்று இருக்கும் வண்டல். வேதாரண்யத்தை நெருங்கினால் கடல் மணல். புதைகிற மண்ணில் குதிரைத்திறன் பெரிதாக உதவாது, வண்டியின் எடை குறைவாக இருப்பதுதான் உதவும். மாருதி ஜிப்ஸியின் எடை சுமார் ஒரு டன். 2020-ல் வந்த மகிந்திராவின் புது தார் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டன். அந்த முக்கால் டன் என்ன செய்யும் என்பது ஆற்று மணலில் பத்தடி போனால் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், எளிய, இலகுவான பழைய நாலு வீல் வண்டி (எஞ்சின் நாலு சக்கரத்தையும் சுற்ற வைக்கிற வண்டி) நம் பூமிக்கென்றே செய்தது போல இருக்கும். விலை குறைவு என்பது அதன் மேல் கிடைக்கிற சந்தோஷம்.

விலை குறைவாக இருந்தால் பயமும் குறைவு. பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்த வண்டியில் சீமைக்கருவேல முள் ஒரு கோடு போட்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது. என் ஜீப்பில் முள் கிழித்தால், ஏற்கெனவே இருக்கிற கோடுகளோடு அதுவும் ஒன்று. எதையும் ஸ்பேனரால் கழற்றிப் பார்க்கலாம், கம்ப்யூட்டர் மாட்ட வேண்டாம். வேகம் மணிக்கு 15 கிமீ தாண்டாமலே மனசு நிறைந்துவிடும்.

விளையாட்டுக்கு மட்டும்தானா என்றால், 2018 நவம்பர் 16 விடிந்த காலையை நினைத்துக்கொள்கிறேன். கஜா புயல் அடித்துப் போட்ட தென்னைகள் பட்டுக்கோட்டைச் சாலைகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. மர அறுவை மெஷினும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு, சாலையை விட்டு இறங்கித் தோப்பு வழியாக மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இந்த ஜீப்தான். அதன்பிறகு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

படி 1: எந்த வண்டி

மகிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்ததுதான் நாம் கோயில் திருவிழாவிலும் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் பார்த்து வளர்ந்த சிஜே 3பி. அது இன்று சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டது. ஒழுங்காக இருந்தால் விலை அதிகம், ஒழுங்காக இல்லாவிட்டால் செலவு அதிகம். முதல் வண்டியாக அது வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் வந்த எம்எம் 540 நல்ல தேர்வு. 2,112 சிசி பெஜோ டீசல் எஞ்சின், சுமார் 62 குதிரைத்திறன், நாலு கியர். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் லோ ரேஞ்சில், அதாவது மெதுவாக ஓடி அதிகம் இழுக்கும் நிலையில் போட்டால், பழைய ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) இழுவையை ஏறக்குறைய இரண்டரை மடங்காக்கிவிடும். இதே குடும்பத்தில் மகிந்திராவின் எம்டிஐ டீசல் எஞ்சின் போட்ட சிஜே 340, சிஜே 500, 2010 வரை வந்த மேஜர் எல்லாம் உண்டு. எம்டிஐ சத்தம் போடும், அதிரும், வேகம் போகாது. ஆனால் டிராக்டர் எஞ்சின் வம்சம் என்பதால், டிராக்டர் வேலை பார்க்கும் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவார். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டி நின்றுபோனால் இதன் அருமை தெரியும்.

ஜிப்ஸி 1985-ல் 970 சிசி எஞ்சினோடு வந்தது. 1996-ல் 1,300 சிசி ஜிப்ஸி கிங். 2000-த்தில் அதே எஞ்சின் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் எம்பிஎஃப்ஐ ஆகி 80 குதிரைத்திறனைத் தொட்டது. மணலுக்கு இதை விடச் சுகமான வண்டி நான் ஓட்டியதில்லை. பெட்ரோல் குடிக்கும், பின் சீட்டில் உட்கார்ந்தவர் அடுத்த தடவை வரமாட்டார். கார்புரேட்டர் வண்டி மலிவு, எம்பிஎஃப்ஐ வண்டி நிம்மதி. பணம் கொஞ்சம் கூடப் போட முடிந்தால் பின்னதையே பாருங்கள்.

2010-ல் வந்த முதல் தாரும் இப்போது பழைய வண்டிப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. நல்ல வண்டிதான், ஆனால் 'மலிவு' என்ற சொல்லுக்குள் அடங்காது. சுமோ, சஃபாரி நாலு வீல்கள் கண்ணில் படும். கனம், பாகம் கிடைப்பது சிரமம். நான் தொடமாட்டேன். கமாண்டர் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெருவில் ஓடுவதில் பெரும்பாலானவை இரண்டு வீல் வண்டிகள். அதில் பிற்பாடு முன் ஹவுசிங் (முன் சக்கரங்களைச் சுற்றும் அச்சும் பல்சக்கரமும் உள்ள கூடு) பொருத்தி 'நாலு வீல்' என்று விற்பவர்கள் உண்டு.

படி 2: முதலில் பேப்பர், பிறகுதான் பானெட்

ஜீப்பைப் பார்த்ததும் மனசு பறிகொடுத்துவிட்டுப் பேப்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஆர்சி புக்கை வாங்கி, சேசிஸ் எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். துருவும் பெயின்டும் மறைத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் படிக்க வேண்டும். தேய்க்க விடமாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடம். அதன்பின் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். கார் வகைக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வயது தாண்டிய வண்டிக்கு 2025-ல் அது 10,000 ஆகிவிட்டது. 'எஃப்சி மட்டும்தான் இல்லை, மத்ததெல்லாம் பக்கா' என்று சொல்லி விற்கும் வண்டியில், அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்குள் பிரேக், லைட், டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் ஒளிந்திருக்கும். அந்தச் செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழியுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம்.

டெல்லி வண்டி என்று ஒரு ஆசை எல்லோருக்கும் வரும். அங்கே 10 வருடம் தாண்டிய டீசலும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலும் ஓட்டக்கூடாது என்று கட்டுப்பாடு வந்ததால் மலிவாக வெளியே வந்தன. என்ஓசி (ஆட்சேபணை இல்லைச் சான்று), இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மலிவு பாதி காணாமல் போயிருக்கும். அரியானாவின் டப்வாலியில் பளபளவென்று புதிதாகக் கட்டித் தரும் ஜீப்களும் அப்படித்தான். ஆர்சியில் ஒரு வண்டி, கண் முன்னால் இன்னொரு வண்டி. பதிவில் உள்ள அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அகலச் சக்கரம், உயர்த்திய ஸ்பிரிங் பட்டை, வேறு எஞ்சின் என்று அலங்காரம் செய்த வண்டிக்கு எஃப்சி காட்டுகிற அன்று அழுகைதான்.

படி 3: வண்டி பார்க்கும் நாள்

காலையில் போங்கள். முந்தைய நாளே, 'நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க' என்று சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்று காட்ட விற்பவருக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். டீசலில் கிளம்பும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வரலாம், சூடானதும் நிற்க வேண்டும். நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேல் வையுங்கள். மூடி குதித்து ஆடினால் பிஸ்டன் ரிங் வேலை வரப்போகிறது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

அப்புறம் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் கீழே படுங்கள். சின்னச் சுத்தியல் ஒன்று கொண்டுபோய் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும், துரு தின்ற இடம் பொத்தென்று சொல்லும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பங்காற்றில் கிடந்த வண்டி என்றால் இரண்டு மடங்கு நேரம் தட்டுங்கள். முன் பட்டை தொங்கும் இடங்கள், பாடி உட்காரும் இடங்கள், ஜிப்ஸி என்றால் கால் வைக்கும் தரை, கண்ணாடிச் சட்டத்தின் அடி. பழைய பிளாஸ்டர் பட்டியைத் தகரம் என்று நம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்துக்கொண்டால் அந்த ஏமாற்றம் இல்லை.

இனி நான் ஏமாந்த கதை. என் எம்எம் 540-ஐ விற்றவர், கியர் பக்கத்தில் இருக்கும், நாலு வீலுக்கு மாற்றும் குட்டி லிவரைத் தள்ளிக் காட்டினார். 'டக்' என்று விழுந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. ஒன்றே முக்கால் லட்சம் எண்ணிக் கொடுத்து, மே மாதம் நேராகக் கொள்ளிடத்தில் இறக்கினேன். பின் சக்கரம் இரண்டும் மணலை வாரி வாரிக் குழி தோண்டின. முன் சக்கரங்கள் பிள்ளையார் போல அசையாமல் உட்கார்ந்திருந்தன. படுத்துப் பார்த்தால், முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் முன் பிராப்பல்லர் ஷாஃப்ட்டே இல்லை. ஷாஃப்ட் வாங்கி மாட்டியும் ஓடவில்லை. ஹவுசிங்கைத் திறந்த மெக்கானிக் சிரித்தார். உள்ளே ஒரு பக்க ஆக்ஸிலையும் யாரோ உருவியிருக்கிறார்கள். மைலேஜ் வரட்டும், சத்தம் குறையட்டும் என்று ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர்கள் இப்படிக் கழற்றி வைப்பது சகஜமாம். அந்தக் கழற்றிய சாமான் எந்தக் காயலான் கடைக்குப் போனதோ.

அதனால் இதைச் செய்யாமல் திரும்பாதீர்கள். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் கொடுத்து, எஞ்சினை நிறுத்தி, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரத்தின் நடுவே ஹப்பில் லாக் இருந்தால் போடுங்கள். நாலு வீலில் போட்டு முதல் கியரில் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றக்கூடாது. இரண்டு வீலுக்கு மாற்றுங்கள். இப்போது சுற்ற வேண்டும், கூடவே முன் ஷாஃப்ட்டும் சுழல வேண்டும். அடுத்த பக்கச் சக்கரத்துக்கும் இதே சோதனை. பத்து நிமிட வேலை, எனக்குப் பல ஆயிரம் மிச்சமாகியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டீயரிங் ஆட்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஐம்பதில் போகும்போது முன் பக்கம் முழுதும் பேய் பிடித்த மாதிரி ஆடினால் கிங்பின், பேரிங், பட்டை புஷ் என்று வரிசையாகச் செலவு. ஏறும்போது கியர் தானாக நழுவி வெளியே வந்தால் கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்து விலை பேசலாம். சேசிஸ் விரிசலை வைத்துப் பேசாதீர்கள், விட்டுவிடுங்கள்.

படி 4: முதல் செலவு

கையில் இருப்பதை எல்லாம் வண்டிக்கே கொடுத்துவிடாமல், விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது எடுத்து வையுங்கள். எல்லா எண்ணெயும் புதிது: எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங். பிரேக் ரப்பர், ஹோஸ், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ். அப்புறம் முன்னும் பின்னும் சேசிஸிலேயே போல்ட் போட்ட இழுகொக்கி. லைட் பாரும் வின்ச்சும் ஸ்டிக்கரும் அடுத்த வருடம்.

டயரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பழைய ஜீப்பின் அளவு 6.00-16. டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் அதே அளவு உண்டு. 'ரிம்முல உக்காருது அண்ணே, பாதி விலைதான்' என்று ஆசை காட்டுவார்கள். அது வயல் வேகத்துக்கு ஆன டயர், சாலை வேகத்துக்கு ஆனது அல்ல. பட்டுக்கோட்டை பைபாஸில் அதைப் போட்டுக்கொண்டு அறுபதில் போவது தற்கொலை. ராணுவ ஜீப்புகளில் போடுகிற கட்டை கட்டையான கொத்து டயர் இதே அளவில் கிடைக்கும், அதை வாங்குங்கள். ஒல்லியாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். சேடை (நடவுக்கு முன் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் உழவு) ஓட்டி ஓட்டிப் பழகிய நம் மண்ணில், முழங்கால் ஆழச் சேற்றுக்குக் கீழே வருடக்கணக்காக உழுது அழுந்திய கெட்டிப் படுகை ஒன்று இருக்கும். நடவாள் நிற்பதும் டிராக்டர் பிடிப்பதும் அதில்தான். ஒல்லி டயர் சேற்றைப் பிளந்துகொண்டு அந்தத் தரையைத் தொட்டுவிடும். அகல டயர் மேலேயே தவளை மாதிரி நீந்தும். மணலில் இது தலைகீழ், ஆனால் மணலுக்குக் காற்றைக் குறைத்தால் போதும்.

படி 5: எங்கே, எப்போது

மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வரும், அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரியும். ஆகவே மணலில் ஆசை உள்ளவருக்கு மார்ச் முதல் ஜூன் தொடக்கம் வரைதான் பருவம். ஆற்றில் தண்ணீர் வருமா என்று பார்க்காமல் மணலில் இறங்கக்கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் கொள்ளிடத்தில் எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே தண்ணீர் தேங்கிக் குட்டையாகத் தெரிவது உள்ளே இரண்டு ஆள் ஆழம் இருக்கலாம். ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள், அவரை விட நல்ல வரைபடம் இல்லை.

ராத்திரியில் ஆற்றில் இறங்கவே இறங்காதீர்கள். ஜீப் ஒன்று இருட்டில் ஆற்று மணலில் நின்றால் மணல் திருட்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள். 'சும்மா ஜாலிக்கு சார்' என்று விடிய விடிய விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். பகலிலும் ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். அனுமதி வேண்டிய இடத்தில் வாங்குங்கள்.

அறுவடை முடிந்த வயல் காலியாகத்தானே கிடக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் வண்டியை விடுவார்கள். தையிலும் மாசியிலும் அது காலி வயல் அல்ல. நெல் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே இரண்டிலை விட்டிருக்கும், வண்டியில் உட்கார்ந்தால் தெரியாது. உளுந்தில் டயர் ஏற்றிவிட்டு எந்த ஊரிலும் மரியாதையோடு திரும்ப முடியாது. சித்திரை, வைகாசியில் சொந்தக்காரர் தரிசு, திடல், களம் என்று கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

மழை நாளில் ஆற்றுக் கரை மேல் ஓட்டக்கூடாது. சக்கரத் தடத்தில் தண்ணீர் நின்று கரை ஊறும், உடைப்பு எடுத்தால் ஊரே மூழ்கும். கோடியக்கரை சரணாலயம் வெளிமானுக்கும் பறவைக்கும் உள்ள இடம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அப்படித்தான், அங்கே நம் விளையாட்டு கிடையாது. கடற்கரை மணலில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டை புதைத்திருக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 6: மணலில் ஓட்டும் முறை

மணலில் இறங்கும் முன்பே நிறுத்தி நாலு வீலில் போட வேண்டும், மாட்டிய பிறகு போட்டுப் பயனில்லை. காற்றைக் குறையுங்கள். நான் 16, 18 பிஎஸ்ஐ வரை இறக்குவேன். டியூப் டயரில் அதற்கும் கீழே போனால், ரிம்முக்குள் டயர் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். இரண்டாவது கியரில் சீராக, நிறுத்தாமல் போங்கள். வளைவது பெரிதாக, மெதுவாக. நிற்க வேண்டுமென்றால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை விட்டு, சரிவு பார்த்து, மூக்கு கீழே இருக்கும்படி உருண்டு நில்லுங்கள்.

எஞ்சின் திணறி வேகம் செத்துப்போகிறது என்று தெரிந்ததும் காலை எடுத்துவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் மிதிச்சா ஏறிடும்' என்கிற அந்த ஒரு நொடியில்தான் வண்டி ஹவுசிங் வரைக்கும் இறங்குகிறது. வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். நம் சக்கரம் அழுத்திய மணல் புது மணலை விடக் கெட்டி. முதல் நாள் இந்த ஒன்றை மட்டும் பழகினால் போதும், மீதியெல்லாம் தானாக வரும். மணலை விட்டு ரோட்டில் ஏறியதும் காற்றை நிரப்பி, இரண்டு வீலுக்கு மாற்றிவிடுங்கள். தார் ரோட்டில் நாலு வீலில் ஓட்டினால் வளைவுகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று இழுத்து, ஷாஃப்ட்டும் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரமும் முறுக்கேறும். பழைய வண்டியில் அதைத் தளர்த்த எந்த ஏற்பாடும் கிடையாது.

படி 7: சேற்றிலும் தண்ணீரிலும்

சேற்றுக்கு லோ ரேஞ்ச், இரண்டாவது கியர். கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளே கோத்துப் பிடிக்காதீர்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத ஜீப்பில் முன் சக்கரம் ஒரு வரப்பில் இடித்தால் ஸ்டீயரிங் சுழன்று அடிக்கும், விரல் உள்ளே இருந்தால் வீங்கும். எனக்கு ஒரு தைப்பொங்கல் முழுக்க இடதுகைச் சாப்பாடு. வேகம் குறையும்போது ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னதாக ஆட்டிக்கொடுத்தால் டயரின் ஓரக் கொத்து புதுச் சேற்றைக் கடிக்கும். டிராக்டர் போன தடத்தில் இறங்க வேண்டாம், அதன் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் நம் வண்டியின் வயிறு நடு மேட்டில் உட்கார்ந்துவிடும். தடத்தை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே விட்டு மேல் தரையில் போங்கள்.

தண்ணீரில் முதலில் நடந்து பார்த்த பிறகே வண்டி. ஓடுகிற தண்ணீரில் இல்லவே இல்லை. நின்ற தண்ணீரில் சக்கரத்தின் நடு மட்டம் வரை போகலாம், மெதுவாக, நிறுத்தாமல். டீசல் ஜீப்பில் ஸ்பார்க் இல்லை என்பதால் கொஞ்சம் தைரியம் உண்டு. கார்புரேட்டர் ஜிப்ஸியில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் அங்கேயே குடித்தனம்தான். மேலே ஏறியதும் பிரேக்கை மெதுவாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நனைந்த டிரம் பிரேக் பிடிக்காது.

படி 8: மாட்டிக்கொண்டால்

தனியாகப் போகாதீர்கள், இரண்டு வண்டி இருந்தால் நல்லது. வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை மண்வெட்டி, நாலு சாக்கு, ஜாக்கியும் அதற்கு அடியில் போடப் பலகையும், நல்ல கயிறு. முதலில் எல்லோரும் இறங்குங்கள். சக்கரத்துக்கு முன்னால் மட்டுமல்ல, ஹவுசிங்குக்கு அடியிலும் மண்ணை வாருங்கள். வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்த வயிறுதான். சக்கரத்தைப் பலகை வைத்துத் தூக்கி அடியில் சாக்கு அல்லது தென்னை மட்டை போடுங்கள். மட்டையைச் சக்கரத்துக்குக் குறுக்காக அடுக்கினால் படிக்கட்டு மாதிரி பிடிக்கும். நம் ஊரில் பத்தடிக்கு ஒரு மட்டை சும்மா கிடக்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால் டிராக்டர். ஒரு ஐப்பசியில் எங்கள் கொல்லைக்குப் போகிற வழியில் வாய்க்கால் ஓரம் சாய்ந்துவிட்டேன். பக்கத்து வயல் மாமா டிராக்டரோடு வந்தார். அவசரத்தில் கயிற்றை முன் பம்பரில் கட்டினேன். "கட்டியாச்சாடா தம்பி?" என்றார், "இழுங்க மாமா" என்றேன். ஒரு சத்தம். அவர் இருபதடி போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "தம்பி, பம்பர் வந்துடுச்சு. வண்டி எப்ப வருது?" இப்போது ஊரில் யார் வண்டி மாட்டினாலும் இந்தக் கதை வருகிறது.

பம்பர் போனது பரவாயில்லை, தெறித்த கயிறு யார் மேலும் படாதது அதிர்ஷ்டம். கொக்கி சேசிஸில் இருக்க வேண்டும் என்று நாலாவது படியில் சொன்னது இதனால்தான். இழுக்கும்போது கயிற்றின் நீளத்துக்கு மேலான தூரத்தில் ஆட்கள் நிற்கட்டும், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். ஈரச் சாக்கு ஒன்றைக் கயிற்றின் நடுவில் போர்த்தினால், அறுந்தாலும் பாம்பு மாதிரி பறக்காமல் கீழே விழும். டிராக்டர் வெடுக்கென்று இழுக்காமல் கயிறு விறைக்கும் வரை மெதுவாக நகர வேண்டும், நீங்களும் அதே நேரத்தில் லோ ரேஞ்சில் கொஞ்சம் உதவுங்கள். வேலை முடிந்ததும் டீசலுக்குப் பணம் கொடுத்தால் மாமா வாங்கமாட்டார். அறுப்பு நேரத்தில் அவர் வீட்டு மூட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம்.

படி 9: வீடு வந்ததும்

சேறு காய்வதற்குள் கழுவுங்கள். மேல் பளபளப்பை விடுங்கள், அடி முக்கியம். ரேடியேட்டர் துடுப்புகளுக்குள் களி காய்ந்து அடைத்தால் அடுத்த பயணத்தில் எஞ்சின் கொதிக்கும். உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் அடித்தால் களி வெளியே தள்ளப்படும். சக்கரத்தின் உள்வட்டத்தில் ஒட்டிய களியை நோண்டி எடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் ரோட்டில் ஸ்டீயரிங் நடுங்குகிறதே என்று மெக்கானிக்கிடம் ஓடுவீர்கள். கடலோரம் போய்வந்த வண்டி என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை.

ஷாஃப்ட் மூட்டுகளில் இருக்கும் கிராஸ்களுக்கும் பட்டை பின்களுக்கும் கிரீஸ் கன்னால் பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். தண்ணீரில் இறங்கிய நாளாக இருந்தால், ஒரு ராத்திரி வண்டியை அப்படியே நிற்க விடுங்கள். காலையில் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங் மூன்றின் அடி நட்டையும் கால் சுற்றுத் தளர்த்தி முதலில் சொட்டுவதைப் பாருங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் அடியில் தங்கி அதுதான் முதலில் வரும். எண்ணெய் தேன் நிறத்தில் வந்தால் நட்டை இறுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போகலாம். எண்ணெயே கும்பகோணம் டிகிரி காபி நிறத்தில் வந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.